நகை அதே 11 பவுன்தான், கடன் மட்டும் ஏன் ஏறுகிறது?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் என் கணவர் வீட்டோடு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மாதம் 30,000 ரூபாய் வருகிறது. வட்டி உட்பட எல்லாம் போக 5,000 மிஞ்சும். என் 11 பவுன் 2021 முதல் அடகில் இருக்கிறது, வட்டி 12 சதவீதம். ஒவ்வொரு ஜூனிலும் வட்டி கட்டி மாற்றி வைக்கிறோம். தங்கம் விலை ஏறியதால் கூடுதலாகக் கிடைத்த பணத்தைக் கொழுந்தனார் கடைக்குக் கொடுத்தோம். இப்போது வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறைந்துவிட்டது. செல்போனில் சில்வர் இ.டி.எஃப் (வெள்ளி விலையோடு ஏறி இறங்கும், பங்குச் சந்தையில் வாங்கும் நிதி) வரைபடம் மலை மாதிரி ஏறுகிறது. வரும் ஜூனில் 1 லட்சம் கூடுதலாக வாங்கி அதில் போடலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. இ.டி.எஃப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

பட்டறைக்குக் கட்டி வெள்ளி வரும்போது ஒரு எடை, கொலுசாகப் போகும்போது ஒரு எடை என்று நோட்டில் எழுதுவீர்கள். அரை கிராம் குறைந்தாலும் ஏன் என்று கேட்பீர்கள். நகைக்கடனுக்கு அந்த நோட்டு இல்லை. கடிதத்தோடு அனுப்பிய ரசீதுகளை வரிசையாக வைத்தேன்: 2021-ல் 1,50,000, 2022-ல் 1,90,000, 2023-லும் அதே 1,90,000, 2024-ல் 2,70,000, 2025-ல் 4,00,000.

பிள்ளைகளின் வரைபடத்தாள் ஒன்றை எடுங்கள். கிடை அச்சில் 2 செ.மீ.க்கு ஒரு வருடம், செங்குத்து அச்சில் 1 செ.மீ.க்கு 50,000 ரூபாய். சின்னக் கட்டம் ஒன்றுக்கு 5,000. கீழே பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குங்கள், இது முக்கியம். 2021-க்கு 3 செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளி, அடுத்த இரண்டு வருடமும் 3.8, அப்புறம் 5.4, கடைசியாக 8. பென்சிலால் சேர்த்துவிடுங்கள்.

உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், சரிவைப் பாருங்கள். முதல் வருடம் 40,000 ஏற்றம். கடைசி வருடம் 1,30,000. கோடு வர வர நிமிர்கிறது. அது படுத்திருப்பது 2022-க்கும் 2023-க்கும் நடுவில் மட்டும்தான். அந்த வருடம் கொழுந்தனார் கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது அதே தாளில் வேறு நிறத்தில் வருட வருமானத்தை வரையுங்கள். 2024 ஜூன் வரையிலான 12 மாதத்துக்கு 3,50,000 என்று சொன்னீர்கள், 2025-க்கு 3,60,000. ஏறக்குறைய தட்டையான கோடு. கடன் கோடு அதை வெட்டிக்கொண்டு மேலே போகும். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் 1786-லேயே ஏற்றுமதிக்கு ஒன்று, இறக்குமதிக்கு ஒன்று என்று இரண்டு கோடு வரைந்து, நடுவில் உள்ள இடைவெளியைப் பார்க்க வைத்தார். உங்கள் தாளிலும் அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது.

ஒன்றில் ஏமாந்துவிடாதீர்கள். தாளில் 2025 பிப்ரவரி வாக்கில் கோடுகள் வெட்டுவது போலத் தெரியும். பிப்ரவரியில் எதுவும் நடக்கவில்லை. புள்ளிகளைச் சேர்த்ததால் வந்த தோற்றம் அது. ஜூனில் அடகுக் கவுண்டரில் கையெழுத்துப் போட்ட அந்த ஒரே நாளில்தான் கடன் வருமானத்தைத் தாண்டியது. அப்படியானால் அடுத்த கையெழுத்தை நிறுத்தவும் உங்களால் முடியும்.

சரி, செல்போன் மலைக்கு வருவோம். செங்குத்து அச்சு எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். 90-ல் தொடங்கி 100-ல் முடிந்தால், 11 சதவீத ஏற்றமே திரை முழுக்க மலையாகத் தெரியும். பூஜ்ஜியத்திலிருந்து வரைந்தால் மேடு அளவுக்குத்தான் இருக்கும். ஏறியது நிஜமாகவே இருந்தாலும், நேற்று வரைக்கும் உள்ள கோட்டை நாளைக்கும் நீட்ட யாருக்கும் உரிமை இல்லை. வெள்ளி ஏறி ஆர்டர் குறைந்தால் இ.டி.எஃப் ஈடுகட்டுமே என்று கேட்பீர்கள். சொந்தப் பணமாக இருந்தால் நானும் யோசிப்பேன். 12 சதவீத வட்டிக்கு வாங்கிப் போட்டால், வெள்ளி வருடம் 12 சதவீதம் ஏறினால்தான் போட்டது போட்டபடி நிற்கும்.

வரும் ஜூனில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வாங்காதீர்கள். மிஞ்சும் 5,000-ஐ மாதாமாதம் அசலில் கட்டுங்கள்; வருடத்துக்கு 60,000. மாற்றி வைக்கும்போது 11 பவுனையும் ஒரே ரசீதில் போடாமல் மூன்றாகப் பிரித்து வையுங்கள். சின்ன ரசீதை முதலில் மீட்கலாம். ஒரு வளையலாவது கைக்குத் திரும்பி வந்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும்.

கொழுந்தனாரிடம் சண்டை வேண்டாம். அவருக்காக ஏறியது 2,50,000. அதற்கு மாத வட்டி 2,500. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டு, உங்கள் கணவரையே அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். அசலை உடனே கேட்காதீர்கள். இந்த 2,500-ஐ மட்டும் மாதம் 5-ம் தேதிக்குள் தரச் சொல்லுங்கள். தந்தால் அதையும் அசலிலேயே கட்டி, ஒவ்வொரு ஜூனிலும் ஒரு புள்ளி வைத்து வாருங்கள்.