நாய் பிஸ்கட் எங்கிருந்து வந்தது?

சார், வணக்கம். மகளின் கல்லூரிப் பாடத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பர் எழுதிய வால்டர் மிட்டி கதை இருக்கிறது. அவள் வரிவரியாகத் தமிழில் சொல்லச்சொல்லக் கேட்டேன். முதலில் கடற்படை விமானம், புயல். அடுத்த வரியில் பார்த்தால் கார், பக்கத்தில் மனைவி திட்டுகிறாள். எது நிஜம், எது நினைப்பு என்றே பிடிபடவில்லை. கடைசியில் அந்த ஆளைச் சுட்டுவிட்டார்களா? பெண்டாட்டி தொல்லை தாங்காமல் கனவுக்குள் ஓடி ஒளிகிறவன் கதை என்று அவள் ஆசிரியர் சொன்னாராம். அவ்வளவுதானா? கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்தால் எனக்கும் மனசு எங்கெங்கோ போகும், அதனால் கேட்கிறேன்.
ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

சுடவில்லை. மருந்துக்கடைச் சுவரில் சாய்ந்து சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறார், மழை பெய்கிறது. ஒரு நிமிஷம் என்று உள்ளே போன மனைவி இன்னும் வரவில்லை. துப்பாக்கிகள் நீள்வதெல்லாம் நினைப்பில்.

நினைப்பை நீக்கிவிட்டால் கதையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். மனைவியை வாட்டர்பரி நகரத்துக்குக் காரில் கூட்டிப்போய் முடி அலங்காரக் கடையில் இறக்கிவிடுகிறார். ஷூவுக்கு மேல் மாட்டும் ரப்பர் உறையும் நாய் பிஸ்கட்டும் வாங்குகிறார். ஹோட்டலில் காத்திருக்கிறார். அம்மாப்பேட்டையிலிருந்து கடைவீதிக்கு வந்து இரண்டு சாமான் வாங்கித் திரும்புகிற வேலை. 1939 மார்ச்சில் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் வந்த, சில பக்கமே உள்ள கதை.

ஆசிரியர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. மிட்டி எங்கும் ஓடவில்லை. அவருடைய கனவு ஒவ்வொன்றும் அந்தத் தெருவில் கிடைத்த சரக்கால் ஆனது. 55 மைல் வேகத்தில் கார் ஓட்டுகிறார், அது எட்டு எஞ்சின் விமானமாகிறது. (ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங் தன் கையில் இருப்பதாக நினைக்காத ஆண்பிள்ளை சேலத்தில் உண்டா?) கையுறை போடவில்லையா என்று மனைவி அதட்டுகிறாள், ஆஸ்பத்திரியைத் தாண்டியதும் கனவில் அறுவைசிகிச்சைக்குக் கையுறை மாட்டுகிறார். ‘டாக்டர் ரென்ஷாவிடம் காட்டுங்கள்’ என்று அவள் மிரட்டினாளே, அதே ரென்ஷா கனவில் களைத்துப்போய் மிட்டியின் உதவிக்குக் காத்து நிற்கிறார். அங்கே டாக்டர்கள் சொல்லும் வியாதிப் பெயர்களில் ஒன்று பூச்செடியின் பெயர்! மிட்டிக்கு வைத்தியம் தெரியாது, சினிமாவிலும் பத்திரிகையிலும் பொறுக்கியதுதான். தர்பர் இந்த இடத்தில் நன்றாகவே குறும்பு செய்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் நீதிமன்றக் கனவு. வாங்கவேண்டிய இரண்டாவது பொருள் மறந்துபோய் நடக்கிறார். பேப்பர் பையன் ஏதோ வழக்கைப் பற்றிக் கூவ, மிட்டி குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார். அரசு வக்கீலின் தாடையில் ஒரு குத்து விட்டு, ‘கேடுகெட்ட நாயே’ என்கிறார். உடனே ‘நாய் பிஸ்கட்’ என்று வாய்விட்டுச் சொல்லித் தெருவில் நின்றுவிடுகிறார். போகிற பெண் ஒருத்தி சிரிக்கிறாள். அதுவரை நினைவுக்கு வராத சாமானைக் கனவுதான் எடுத்துக் கொடுத்தது! ஓடி ஒளிகிறவனுக்கு இது நடக்குமா?

முடிவைப் பற்றிக் கேட்டீர்கள். மொத்தம் ஐந்து கனவுகள். முதலாவதை மனைவியின் அதட்டல் கலைக்கிறது. இரண்டாவதை, காரைத் தப்பான வழியில் விட்டதற்காகக் கத்தும் ஆள். மூன்றாவதை அவர் வாயே. நான்காவதை, ஹோட்டலில் தோளைத் தட்டும் மனைவி. ஐந்தாவதைக் கலைக்க யாரும் வரவில்லை. கதை கனவுக்குள்ளேயே நின்றுபோவதால்தான் ஆள் செத்துவிட்டானோ என்று உங்களுக்குப் பட்டது. அந்தப் பயம் நியாயமானதுதான், தர்பர் வேண்டுமென்றே விட்டுவைத்தது. கூப்பிடுகிற குரல் இல்லாவிட்டால் இந்த மனிதர் திரும்பி வருவாரா என்று எனக்கும் நிச்சயமில்லை. அந்த அம்மாளை வெறும் தொல்லையாகப் பார்க்க முடியாததும் இதனால்தான். ‘நானும் சில நேரம் யோசிப்பேன் என்று உனக்குத் தோன்றியதே இல்லையா’ என்று அவர் கேட்க, வீட்டுக்குப் போனதும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்கிறாள். கோபமா அக்கறையா, படிக்கிறவர் பாடு.

ஒரு சத்தமும் உண்டு. ‘டபாக்கெட்டா பாக்கெட்டா’ என்று விமானத்தில் கேட்டது, ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து இயந்திரத்திலும் கேட்கும். மகளைத் திரும்ப வாசிக்கச் சொல்லி, அது எங்கெங்கே வருகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். உங்கள் மனசு பட்டறையிலிருந்து எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பாலிஷ் மோட்டார் சத்தம் உங்கள் நினைப்புக்குள் என்னவாக மாறுகிறது என்று கவனித்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்.