கிராமத்துத் தார்ச்சாலை சீக்கிரம் பெயர்ந்துபோகாமலும் விபத்து இல்லாமலும் இருக்க ஊர்மக்கள் செய்ய வேண்டியது என்ன?

தண்ணீரைச் சாலையில் நிற்க விடாதீர்கள். ஊர்க்காரர்கள் கையில் இருக்கும் வேலைகளில் பெரியது இதுதான்.

2000-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்திலும், அதை ஒட்டிய மற்ற திட்டங்களிலும் போடும் சாலைகளில் மேலே தெரியும் தார்ப்பரப்பு பெரும்பாலும் 20 மி.மீ. கனம்தான். அதற்குக் கீழே 75 மி.மீ. வீதம் இரண்டு அடுக்கு ஜல்லி, அதற்கும் கீழே கிராவல். வண்டியின் எடையைத் தாங்குவது ஜல்லியும் கிராவலும். அவற்றுக்குள் தண்ணீர் இறங்காமல் மூடி வைப்பதுதான் தாரின் வேலை. கிராவல் ஊறிவிட்டால் மேலே எவ்வளவு நல்ல தார் இருந்தாலும் டிராக்டர் போன தடத்தில் அமுங்கும், வெடிக்கும், அடுத்த மழையில் பள்ளமாகும்.

அதனால்தான் சாலையின் நடுப்பகுதியை உயர்த்தி, ஓரம் நோக்கி மீட்டருக்கு 3 செ.மீ. சரிவு கொடுக்கிறார்கள். அந்தச் சரிவில் இறங்கும் தண்ணீர் ஓர மண்ணைத் தாண்டி வாய்க்காலுக்குப் போக வேண்டும். அதை மறிப்பது பெரும்பாலும் நாம்தான். வீட்டுக்கு வண்டி ஏற்றச் சாலை விளிம்புவரை சிமென்ட் சாய்தளம் போடுகிறோம். அடியில் குழாய் வைப்பதில்லை. வயல் வரப்பை வருஷத்துக்கு ஒரு சாண் ஓரவாய்க்காலுக்குள் தள்ளுகிறோம். சாய்தளம் வேண்டுமென்றால் அடியில் குறைந்தது ஓர் அடி விட்டமுள்ள சிமென்ட் குழாய் பதித்து, மண் அடைத்தால் வாரி எடுக்கும்படி இரண்டு பக்கமும் திறந்து வையுங்கள். குளியலறை, பாத்திரம் கழுவும் தண்ணீரைச் சாலைக்கு விடாமல், ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் உறிஞ்சுகுழி எடுத்து, அடியில் பெரிய கல், மேலே போகப் போகச் சிறிய ஜல்லி நிரப்பி அதில் விடுங்கள். மழைத்தண்ணீராவது சில நாள் வரும். வீட்டுத் தண்ணீர் தினமும் வரும், அதன் சேதம் கூடுதல். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே, சிறுபாலங்களின் வாயில் அடைத்த குப்பையையும் மண்ணையும் அள்ளிவிட வேண்டும்.

ஓர மண்ணைப் பலர் கவனிப்பதே இல்லை. தார் 3 அல்லது 3.75 மீட்டர் அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒரு சக்கரம் கீழே இறங்கியே ஆக வேண்டும். ஓரம் இரண்டு மூன்று அங்குலம் பள்ளமாக இருந்தால் தார் விளிம்பு நொறுங்கும், பைக்காரர் மீண்டும் மேலே ஏற்றும்போது சறுக்கி விழுவார். எனவே வீட்டுக்கு மேடு கட்ட அந்த மண்ணை வெட்டி எடுக்கவே கூடாது. குறைந்த இடத்தில் கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, தார் மட்டத்துக்கு இடித்து, வெளிப்பக்கம் சாய்த்துவிடுங்கள். புல் முளைத்து ஓரம் சாலையைவிட உயர்ந்துவிட்டாலும் தண்ணீர் சாலையிலேயே தேங்கும். அங்கே சீவிவிட வேண்டும்.

அடுத்தது கேஜ் வீல், அதாவது சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரம். அதன் இரும்புப் பற்கள் 20 மி.மீ. தாரை ஒரே நடையில் குத்திப் பெயர்க்கும். ரப்பர் டயரில் போய் வயலில் மாட்டுவதுதான் முறை. சாலையைக் குறுக்கே மட்டும் கடக்க வேண்டுமென்றால் பழைய டயர்களையோ பலகையையோ போட்டு அதன்மேல் ஏற்றுங்கள். செயின் பொக்லைனை டிரெய்லரில்தான் கொண்டுவர வேண்டும். கூப்பிடும்போதே அதைப் பேசிக்கொள்ளுங்கள். சேற்றுழவு முடிந்த அன்றே சாலையில் ஒட்டிய களிமண்ணை மண்வெட்டியால் சுரண்டிவிடுங்கள். பனி இறங்கினால் போதும், அது எண்ணெய் போல வழுக்கும்.

பாரத்தையும் சொல்ல வேண்டும். அச்சில் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். ஒரு யூனிட் எம்.சாண்ட் 100 கன அடி, சுமார் நாலரை டன். வீடு கட்டுபவர்கள் பெரிய டிப்பரில் ஒரே நடையாக இறக்காமல் சின்ன வண்டியில் பிரித்து வாங்கினால் செலவு கொஞ்சம் கூடும், தெருச் சாலை பிழைக்கும். ஜல்லியைச் சாலையில் குவிப்பதும், தார்மேலேயே கலவை போடுவதும் வேண்டாம்.

குடிநீர்க் குழாய்க்கோ சொட்டுநீர்க் குழாய்க்கோ சாலையை வெட்ட வேண்டுமென்றால், அந்தச் சாலை யாருடையதோ, ஊராட்சியோ ஒன்றியமோ நெடுஞ்சாலைத் துறையோ, அவர்களிடம் அனுமதி வாங்குங்கள். குழாயை இன்னொரு பெரிய குழாய்க்குள் விட்டுப் பதித்தால் பிறகு பழுது பார்க்க மறுபடி வெட்ட வேண்டியதில்லை. எடுத்த மண்ணை ஒரே தடவையில் தள்ளி மூடுவதுதான் எல்லா ஊரிலும் நடக்கும் தவறு. இரண்டு மழையில் அது அமுங்கிக் குறுக்குப் பள்ளமாகிவிடும். அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டு இடித்து, மேல் அரை அடிக்கு ஜல்லி போட்டு, தார் வைத்தால்தான் நிற்கும்.

கொள்ளு, எள், உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பி வண்டிகளை ஏற்றி மிதிக்க விடுவது உயிருக்கே ஆபத்து. காய்ந்த கொடி பைக் சக்கரத்தில் சுற்றும். காரின் அடியில் சூடான சைலன்சரில் சிக்கித் தீப்பிடிக்கும். நெல்லைக் காயப்போட்டு ஓரத்தில் வைத்த கற்களை இரவில் அப்படியே விட்டுப்போவது அதைவிட மோசம். பொதுவழியில் இப்படித் தடை செய்வது பாரதிய நியாய சன்ஹிதா 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதத்துக்குரியது. நெல்லுக்கும் தார்ச்சூடு நல்லதல்ல; வேகமாகக் காய்ந்த மணி விரிசல் விட்டு, அரைக்கும்போது நொய்யாகும். உலர்களம் இல்லாத ஊர், கிராம சபையில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சொந்தமாக வேகத்தடை போடாதீர்கள். முறைப்படியான வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 செ.மீ. உயரமும் கொண்டது, பெயின்ட் கோடும் முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். ஒன்றரை அடி அகலத்தில் சிமென்டைக் குவித்தால் இரவில் வரும் பைக் தூக்கி எறியப்படும். வளைவுகளில் மறைக்கும் சீமைக் கருவேலத்தை வெட்டுவது அதைவிடப் பலன் தரும்.

பள்ளம் விழுந்தால் மண்ணோ செங்கல் இடிபாடோ கொட்ட வேண்டாம். ஒன்று சேறாகும், மற்றது தூளாகும். தளர்ந்ததைச் சுரண்டி எடுத்து, ஜல்லியும் கிரஷர் தூளும் ஈரமாகக் கலந்து நிரப்பி, நன்றாக இடியுங்கள். இது தற்காலிகம்தான்; கூடவே புகாரும் கொடுக்க வேண்டும். பிரதம மந்திரி திட்டச் சாலை என்றால் ஓரத்தில் விவரப் பலகை இருக்கும்: முடித்த தேதியிலிருந்து 5 ஆண்டுகள் பராமரிப்பது ஒப்பந்ததாரர் பொறுப்பு. இந்தச் சாலைகளுக்கான மத்திய அரசின் ‘மேரி சடக்’ செயலியில் புகாரைப் படத்துடன் அனுப்பலாம். ஊராட்சி ஒன்றியச் சாலைக்கு வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும், நெடுஞ்சாலைத் துறைச் சாலைக்கு ‘நம்ம சாலை’ செயலியிலும் சொல்லலாம். எதுவும் நகராவிட்டால் முதலமைச்சர் உதவி மைய எண்ணான 1100-க்கு அழைத்துப் பதிவு எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் அந்த எண்ணோடு தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேட்கலாம்.