எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் பேசினால் செய்தி போய்ச் சேராது

வாசகர் கேள்வி – பதில்

செல்பேசிக் கோபுரமோ இணைய இணைப்போ இல்லாமல், உள்ளங்கையில் அடங்கும் ரேடியோ கருவிகள் தங்களுக்குள் குறுஞ்செய்திகளைக் கைமாற்றிக்கொள்ளும் மெஷ்டாஸ்டிக் என்ற திறந்தமூல ஏற்பாட்டைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன: நடுவில் இருந்து நிர்வகிக்க எவரும் இல்லாத இடத்தில் செய்திக்கு வழி சொல்வது யார்? அவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஒரு கருவி அனுப்பியதைக் கேட்ட எல்லாக் கருவிகளும் அதைத் திரும்ப அனுப்பும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அந்தச் செய்தி முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்காதா?
– வாசகி, நாகப்பட்டினம்

இந்தத் துறையின் முதன்மையான சிக்கலையே கேட்டுவிட்டீர்கள். வானொலியில் ‘தில்லி அஞ்சல்’ கேட்டு வளர்ந்தவர்களுக்கு அஞ்சல் என்ற சொல்லின் பொருள் தெரிந்திருக்கும். ஒரு நிலையம் சொன்னதை இன்னொரு நிலையம் வாங்கித் தன் எல்லைக்குள் மறுபடி ஒலிபரப்புவது அது. மெஷ் வலையமைப்பில் ஒவ்வொரு கருவியும் தனக்கான செய்தியைப் பெறுவதோடு, பிறருக்கான செய்தியை அஞ்சலும் செய்கிறது. எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் எல்லாக் கருவிகளும் அஞ்சல் செய்யத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை 1999-இலேயே ஆய்வாளர்கள் விவரித்து, அதற்கு ‘ஒலிபரப்புப் புயல்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஒரே செய்தியின் நகல்கள் காற்றில் ஒன்றோடொன்று மோதி, கடைசியில் எதுவுமே யாருக்கும் தெளிவாகக் கேட்காமல் போய்விடும்.

மெஷ்டாஸ்டிக் இதற்குப் போட்டிருக்கும் அணைகளில் இரண்டு எளியவை. ஒவ்வொரு செய்திக்கும் அனுப்பியவரின் அடையாள எண்ணும் ஒரு செய்தி எண்ணும் உண்டு. அண்மையில் கேட்ட எண்களைக் கருவி நினைவில் வைத்திருப்பதால், ஒருமுறை அஞ்சல் செய்ததை மறுபடி செய்யாது. அடுத்தது தாவல் வரம்பு; செய்தி ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குப் போவது ஒரு தாவல். புறப்படும்போது செய்தியில் வழக்கமாக 3 என்ற எண் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு கருவியும் அஞ்சல் செய்யும்போது அதில் ஒன்றைக் கழிக்கும். சுழியமான செய்தியை எந்தக் கருவியும் மேற்கொண்டு எடுத்துச் செல்லாது. ஆகவே, முடிவில்லாமல் சுற்றும் என்ற கவலை வேண்டாம்.

ஆனால் முடிவில்லாமல் சுற்றாவிட்டாலும் நெரிசல் வரும். இக்கருவிகள் பயன்படுத்தும் லோரா ரேடியோ முறை தொலைதூரம் செல்வதற்காக வேகத்தைக் கைவிட்ட முறையாகும். ‘லாங் ஃபாஸ்ட்’ என்ற வழக்கமான அமைப்பில் அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோபிட் மட்டுமே. நாலைந்து சொல் கொண்ட ஒரு செய்தி காற்றில் அரை விநாடிக்கும் மேல் நிற்கிறது. அனுமதிக்கப்பட்ட முழு நீளச் செய்தி என்றால் இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறது. இருபது கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதையே திரும்பச் சொன்னால், ஒரு சிறு செய்திக்காகப் பத்து விநாடிக்கும் மேலாக அலைவரிசை முழுவதும் அடைபட்டுக் கிடக்கும்.

மூன்றாவது அணை இங்கேதான் வருகிறது; எனக்கு இந்த ஏற்பாட்டின்மீது மதிப்பு வந்ததும் இதைப் புரிந்துகொண்ட அன்றுதான். செய்தியைக் கேட்ட கருவி உடனே அதை அஞ்சல் செய்வதில்லை, சிறிது நேரம் காத்திருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதைச் செய்தி எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பதை வைத்து முடிவு செய்கிறது. தெளிவாகக் கேட்டிருந்தால் அனுப்பியவர் அருகில் இருக்கிறார் என்று கொண்டு நெடுநேரம் காத்திருக்கும். இரைச்சலுக்கு நடுவே மங்கலாகக் கேட்டிருந்தால் அவர் தொலைவில் இருக்கிறார் என்று கொண்டு விரைவாகப் பேசிவிடும். தொலைவில் இருக்கும் கருவி பேசினால்தான் செய்தி ஒரே தாவலில் அதிக தூரம் நகரும் என்பதால் இந்த முறை. காத்திருக்கும் வேளையில் வேறொரு கருவி அதே செய்தியை அஞ்சல் செய்வது காதில் விழுந்துவிட்டால், ‘வேலை முடிந்தது’ என்று சாதாரணக் கருவி தன் முறையைக் கைவிட்டு அமைதியாகிவிடும்.

இதில் இன்னொரு பயனும் உண்டு. முதலில் அனுப்பிய கருவி, தன் செய்தியைப் பக்கத்தில் உள்ள கருவி திரும்பச் சொல்வதைக் கேட்கும்போது, அதையே ஒப்புகை அட்டையாக எடுத்துக்கொள்கிறது. அதற்கென்று தனியாக ஒரு சிக்னல் வர வேண்டியதில்லை. எவரும் திரும்பச் சொல்வது கேட்காவிட்டால் தானாகவே மறுபடி அனுப்பிப் பார்க்கும்.

தாவல் வரம்பை 7 வரை உயர்த்தலாம் என்று செயலியில் இருக்கிறது. கருவியை ‘ரவுட்டர்’ என்று மாற்றும் வசதியும் இருக்கிறது. இரண்டையும் செய்தால் என் செய்தி இன்னும் தூரம் போகுமா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

இரண்டையும் செய்துவிட்டுப் பட்ட அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் பிவிசி குழாய் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி, என் கருவியை ரவுட்டர் என்று மாற்றி வைத்தேன். ஊருக்கே உதவி செய்வதாக நினைத்தேன். ஆனால் அடுத்த நாளிலிருந்து, ஊர்க்கோடியில் இருக்கும் குன்றுக்கு அப்பால் வசிக்கும் நண்பர்களுக்கு, அதுவரை போய்க்கொண்டிருந்த செய்திகள் போகவில்லை. குன்றின்மேல் இன்னொரு நண்பரின் கருவி சாதாரண நிலையில் நன்றாகத்தான் இயங்கிக்கொண்டிருந்தது. காரணம் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

ரவுட்டர் என்று அமைத்த கருவி மற்றவர்களுக்காக விட்டுக்கொடுக்காது. எல்லாருக்கும் முன்பாகப் பேசிவிடும். குன்றின்மேல் இருந்த கருவி மூலச் செய்தியையும் கேட்டது, என் மாடியிலிருந்து சென்ற அஞ்சலையும் கேட்டது. வேறொருவர் சொல்லிவிட்டார் என்று விதிப்படி அமைதியானது. அந்தப் பக்கத்து மக்களைச் சென்றடைய வல்லது அது ஒன்றுதான். அதன் வாயை, குன்றைத் தாண்டிக் கேட்க முடியாத என் கருவி அடைத்துவிட்டது. என் கருவியைச் சாதாரண நிலைக்கு மாற்றிய அன்று மாலையே செய்திகள் மறுபடி குன்றைத் தாண்டின. நான்கு திசையும் தடையின்றித் தெரியும் மலையுச்சி அல்லது மிக உயர்ந்த கட்டடம் கையில் இருந்தால் மட்டுமே ரவுட்டர் நிலையைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் ஊரில் உள்ள மற்றப் பயனர்களைக் கலந்துகொண்டு. வீட்டுக்குள் மேசைமீது இரண்டாவதாக ஒரு கருவி வைத்திருந்தால், அதை அஞ்சலே செய்யாத ஊமை நிலையில் வைப்பது நல்லது.

வரம்பை 7 ஆக்குவதும் இதே கணக்குதான். மூன்று தாவலில் எட்டக்கூடிய ஊருக்குள் அது நெரிசலை மட்டுமே கூட்டும். பள்ளத்தாக்கு நெடுகக் கருவிகள் ஒரே வரிசையாக இருக்கும் இடத்தில் வேண்டுமானால் 4 அல்லது 5 என்று வைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு கருவியும் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, மிகக் குறுகிய வழியில் செய்தியை அனுப்பிவிடலாமே? எல்லோருக்கும் பரப்புவது வீண்தானே?
– ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர், மதுரை

தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றியவருக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு. வரைபடம் வைத்துக்கொள்ளும் முறைகள் நெடுங்காலமாக இருக்கின்றன. 2003-இல் இரண்டு முறைகள் இணையத் தர அமைப்பின் சோதனைநிலை ஆவணங்களாகவே வெளியாயின. அவற்றுள் ஓ.எல்.எஸ்.ஆர். என்பது எல்லாக் கணுக்களின் (வலையமைப்பில் உள்ள கருவிகளின்) இணைப்பு விவரத்தையும் ஓயாமல் பரப்பி, ஒவ்வொரு கணுவிலும் முழு வரைபடத்தைத் தயாராக வைத்திருக்கும். ஏ.ஓ.டி.வி. என்பது தேவை வரும்போது மட்டும் ‘இன்னாருக்கு வழி தெரியுமா’ என்று கேட்டுக்கொண்டு போய், பதில் வந்த தடத்தை நினைவில் வைக்கும்.

கம்பியில் இணைப்பு இருக்கிறதா, இல்லையா என்று இரண்டே நிலைதான். காற்றில் அப்படி இல்லை. பத்துக்கு ஐந்து முறை மட்டும் கேட்கும் இணைப்புகள்தான் அங்கே நிறைய. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில், எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ‘ரூஃப்நெட்’ என்ற பெயரில் வீட்டுக் கூரைகளில் வைஃபை கருவிகளை நிறுவி நடத்திய வலையமைப்பின் வாயிலாக இது தெளிவானது. குறைந்த தாவல் உள்ள வழியைத் தேர்ந்தெடுத்தால், அது பெரும்பாலும் மிக நீளமான, மிக நலிந்த இணைப்பாகவே அமைந்துவிடுகிறது. அதனால் அவர்கள் 2003-இல் வேறொரு அளவுகோலை முன்வைத்தார்கள்: ஒரு தரவுப் பொட்டலம் வெற்றியுடன் போய்ச் சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு. போகும்போதும் ஒப்புகை வரும்போதும் பாதிக்குப் பாதி தொலையும் ஒரு நீண்ட தாவலுக்கு, 1-ஐ 0.5 பெருக்கல் 0.5 ஆல் வகுத்தால் 4 முறை. இரு திசையிலும் பத்துக்கு ஒன்பது சேரும் இரண்டு குறுந்தாவல்களுக்கோ மொத்தம் ஏறக்குறைய 2.5 முறைதான். நேர்வழியைவிடச் சுற்றுவழி மலிவாகிறது.

மக்களே வைஃபை வலையமைப்பு அமைக்கும் ஃப்ரைஃபுங்க் இயக்கத்தின் பெர்லின் ஆர்வலர்கள் கண்டது வேறு சிக்கல். தங்கள் நகர வலையமைப்பில் கணுக்கள் பெருகப் பெருக, முழு வரைபடத்தையும் கணக்கிடுவது மலிவான ரவுட்டர்களுக்குப் பெரும் சுமையானது. அங்கிருந்து பிறந்த பேட்மேன் என்ற முறை வரைபடத்தையே விட்டுவிட்டது. ஒவ்வொரு கணுவும் ‘நான் இருக்கிறேன்’ என்று அவ்வப்போது அறிவிக்கும். அந்த அறிவிப்பு எந்தப் பக்கத்துக் கணு வழியாக நன்றாக வந்து சேர்கிறது என்பதை மட்டும் மற்றவை குறித்துக்கொள்ளும். அறிவித்த கணுவுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்றால் அந்தப் பக்கத்துக் கணுவிடம் கொடுத்துவிடும். அதற்கு அப்பால் உள்ள வழி அனுப்பும் கணுவுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இம்முறையின் ஒரு வடிவம் 2011-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது.

இவை எல்லாம் வைஃபை வேகத்தில் நடப்பவை. விநாடிக்கு ஒரு கிலோபிட் மட்டுமே உள்ள லோராவில் இத்தகைய அறிவிப்புகளே அலைவரிசையைத் தின்றுவிடும். அதனால்தான் பரப்பும் முறை அங்கே நிலைத்தது. எனினும் உங்கள் எண்ணம் ஓரளவு நிறைவேறியிருக்கிறது. 2025-இல் வந்த மெஷ்டாஸ்டிக் 2.6 பதிப்பில், ஒருவருக்கு மட்டும் அனுப்பும் தனிச்செய்தி முதல்முறை பரப்பப்படுகிறது. எந்தக் கருவி வழியாகச் செய்தி போய் ஒப்புகையும் திரும்பியதோ, அதை நினைவில் வைத்து அடுத்த முறை அதனிடம் மட்டுமே ஒப்படைக்கிறது. அந்த வழி அடைபட்டுவிட்டால் கடைசி முயற்சியாக மறுபடி எல்லோருக்கும் பரப்புகிறது. வரைபடம் இல்லாமலேயே கிடைக்கும் இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நடுவில் உள்ளவர்கள் என் செய்தியைப் படிக்க முடியாதா?
– வாசகி, சேலம்

அஞ்சல் செய்யத் தேவையான அனுப்புநர், பெறுநர் எண்கள், செய்தி எண், தாவல் எண் போன்றவை மட்டுமே வெளிப்படையாக இருக்கும், உள்ளடக்கம் பூட்டப்பட்டிருக்கும். ஆனால் கருவியை வாங்கியபடியே பயன்படுத்தும் பொது அலைவரிசையின் சாவி உலகறிந்தது என்பதால், அதில் பேசுவது தெருவில் நின்று பேசுவது போலத்தான். குடும்பத்துக்கென்று தனிச் சாவியுடன் ஓர் அலைவரிசையை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

2018-இல் கஜா புயலுக்குப் பின் எங்கள் பகுதியில் கைப்பேசி இல்லாமல் தவித்தோம். அத்தகைய நேரத்துக்காக நாங்கள் சிலர் கருவிகள் வாங்கினோம். தமிழில் எழுதினால் இரண்டு வரிக்கு மேல் ஏற்க மறுக்கிறது. இது பழுதா?
– மீனவர் சங்க உறுப்பினர், வேதாரண்யம்

பழுது அல்ல. ஒரு செய்திக்கு ஏறக்குறைய 230 பைட்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே கணக்கிடப்படும். ‘தண்ணீர் வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். முதல் சொல்லில் ஏழு குறிகள், அடுத்ததில் எட்டு, நடுவே ஓர் இடைவெளி. மொத்தம் 46 பைட். ஐந்து முறை இதை எழுதினால் செய்தி நிரம்பிவிடும்.

உங்களைப் போன்றோரின் முயற்சி வெற்றிபெற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். 2012-இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, ப்ரூக்ளினின் ரெட் ஹுக் பகுதியில் அங்குள்ளவர்களே முன்கூட்டி அமைத்திருந்த வைஃபை மெஷ் பெரிதும் கைகொடுத்தது. முன்கூட்டி என்பதைக் கவனியுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், ஆனால் இப்போதே கூடி உட்கார்ந்து, அடிக்கடி தேவைப்படும் இருபது முப்பது செய்திகளுக்கு எண் கொடுத்து, ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு கருவியின் உறையிலும் ஒட்டிவையுங்கள். ‘7’ என்றால் குடிநீர், ‘12’ என்றால் கரைக்குத் திரும்பிவிட்டோம் என்பதுபோல. செய்தி சுருங்கினால் காற்றில் நிற்கும் நேரமும் சுருங்கும். பக்கத்துப் படகின் செய்திக்கு இடம் கிடைக்கும். கருவிகளில் ஒன்றை ஊரின் மிக உயரமான கட்டடத்தில், சிறிய சூரியத் தகடும் பேட்டரியும் இணைத்து வைத்து, மாதம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சோதித்துப் பாருங்கள்.