டே ஜீரோ பொய்யா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

தண்ணிப் பஞ்சம் பத்தி நீங்க எழுதினதுல தென்னாப்பிரிக்காவோட கேப் டவுனை உதாரணமா சொல்லியிருந்தீங்க. அதைப் பத்தி ஒரு யூட்யூப் வீடியோ பாத்தேன், அதுலேர்ந்து ஒரே குழப்பம். 2018ல ‘டே ஜீரோ’ வருது, குழாயை மூடப்போறோம்னு தேதியெல்லாம் குறிச்சாங்க. ஆனா கடைசி வரைக்கும் மூடவே இல்லையே, தேதி மட்டும் தள்ளிக்கிட்டே போய் அப்படியே காணாம போச்சு. கடல்தண்ணி பிளான்ட் கான்ட்ராக்டுக்கும் கட்டணத்தை ஏத்தறதுக்கும்தான் இந்த சீன்னு அந்த ஊர்க்காரங்களே சொல்றாங்களாம். கலிஃபோர்னியாலயும் வறட்சி வறட்சின்னு கத்தினாங்க, கொஞ்ச நாள்ல வெள்ளம் வந்துச்சு. நிஜமாவே வறட்சி இருந்துச்சா, இல்ல தண்ணிய வெச்சு நடக்கிற பிசினஸா? தப்பா எடுத்துக்காதீங்க.

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

தப்பா எடுத்துக்க என்ன இருக்கு, அரசாங்கம் ஒரு தேதிய சொல்லி பயமுறுத்தினா இதுல எவன் காசு பாக்கறான்னு கேக்கறது நல்ல பழக்கம்தான். ஆனா அந்த வீடியோக்காரர் சந்தேகப்பட வேண்டிய இடத்தை விட்டுட்டு வேற எங்கயோ போய் சந்தேகப்படறார்.

முதல்ல அந்த தேதி. டே ஜீரோ ஒண்ணும் ஜோசியம் இல்ல, சாதாரண வகுத்தல் கணக்கு. ஊருக்கு தண்ணி குடுக்கற அணைகளோட மொத்த இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்கற நாள்தான் டே ஜீரோ, அன்னிலேர்ந்து பெரும்பாலான வீட்டுக்குழாய மூடிட்டு, சுமார் 200 இடத்துல வரிசைல நிக்க வெச்சு ஆளுக்கு 25 லிட்டர் குடுக்கறதா பிளான். அந்த 13.5க்கு மேல அணைல இருக்கிறது எவ்வளவு, ஊரு எவ்வளவு எடுக்குது, விவசாயத்துக்கு எவ்வளவு போகுது, வெயில்ல எவ்வளவு ஆவியாகுது, இதுல ஒண்ணு மாறினாலும் தேதி மாறும். ஏப்ரல் 22ன்னு சொன்ன தேதி முதல்ல பின்னாடி போகவே இல்ல, ஏப்ரல் 12ன்னு முன்னாடிதான் வந்துச்சு, இது வீடியோல வந்திருக்காதுன்னு நினைக்கிறேன். அப்புறம்தான் மே 11, ஜூன் 4, ஜூலை 9னு தள்ளிப் போச்சு, காரணமும் இருக்கு. விவசாயத்துக்கு எடுக்கற தண்ணி கொறஞ்சுது, ஊருக்குப் பக்கத்துல க்ரூன்லாண்ட்ங்கிற சங்கத்து விவசாயிங்க அவங்க சொந்த அணைலேர்ந்து சுமார் 1000 கோடி லிட்டர் தொறந்து விட்டாங்க, எல்லாத்துக்கும் மேல ஒரு காலத்துல தினம் 120 கோடி லிட்டர் குடிச்சுக்கிட்டிருந்த ஊரு 50 கோடி பக்கத்துக்கு இறங்கிச்சு.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான்னு 2018 பிப்ரவரில உத்தரவு. ஷவர்ல ரெண்டு நிமிஷம் நின்னாலே 20 லிட்டர் போயிடும், ஒரு தடவை ஃப்ளஷ் அமுக்கினா 9 லிட்டர், மிச்சத்துல சமையல், பாத்திரம், துணி எல்லாத்தையும் முடிச்சுக்கணும், அதனால காலடில பக்கெட்டை வெச்சு குளிச்சு அந்த சோப்புத் தண்ணியத்தான் டாய்லெட்ல ஊத்தினாங்க. 40 லட்சம் பேர் இருக்கிற ஊர்ல இப்படி பல்லைக் கடிச்சுக்கிட்டு கொறைச்சதாலதான் தேதி தள்ளிப்போச்சு, தள்ளிப்போனதையே இப்ப ஆதாரமா காட்டி பொய்ங்கிறாங்க. ஒருவேளை ஒண்ணுமே சொல்லாம விட்டு நிஜமாவே குழாய் காஞ்சு போயிருந்தா, இதே ஆளுங்க ‘தெரிஞ்சும் மறைச்சுட்டாங்க’ன்னு வீடியோ போட்டிருப்பாங்க.

அணைல தண்ணி இருந்துச்சா இல்லையாங்கிறது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயமும் இல்ல, போய் பாத்தா தெரியும். அந்த ஊரோட பெரிய அணை தீவாட்டர்ஸ்க்ளூஃப், மொத்த கொள்ளளவுல கிட்டத்தட்ட பாதி அது ஒண்ணுதான், 2018 மார்ச் வாக்குல அது 10 சதவீதம் பக்கத்துக்கு வந்துருச்சு, அடில கிடக்கிற கடைசி 10 சதவீதத்தை எடுக்கறதும் லேசு இல்ல, சேறும் சகதியும்தான். தண்ணிக்குள்ள முழுகிக் கிடந்த பட்ட மரமெல்லாம் வெறும் மணல்ல நிக்கற போட்டோ நெட்ல இருக்கு. 2015லேர்ந்து 2017 வரைக்கும் தொடர்ச்சியா மூணு வருஷம் மழை பொய்ச்சது, அந்த மாதிரி மூணு வருஷம் சேந்து வர்றது 300 வருஷத்துக்கு ஒரு தடவைங்கிற அளவுக்கு அபூர்வம்னு கேப் டவுன் பல்கலைக்கழகத்து ஆளுங்க கணக்கு போட்டாங்க. பருவநிலை மாற்றத்தால அதுக்கான வாய்ப்பு மூணு மடங்கு ஆயிடுச்சுன்னு இன்னொரு ஆய்வு.

அடுத்து கடல்தண்ணி கான்ட்ராக்ட். ஸ்ட்ராண்ட்ஃபான்டீன், மான்வாபிசி, வாட்டர்ஃப்ரன்ட்னு மூணு தற்காலிக பிளான்ட் போட்டாங்க, மூணும் சேந்து ஒரு நாளைக்கு 1.6 கோடி லிட்டர். ஊரோட தேவை 50 கோடி. இந்த மூணு சதவீதத்துக்காக ஒரு ஊரையே பயமுறுத்தினாங்கன்னா அது ரொம்ப மட்டமான திருட்டு சார்.

சரி, அப்ப ஜனங்க ஏன் நம்பல? நம்பாததுக்கு நல்ல காரணமே இருந்துச்சு, நான் அங்க இருந்திருந்தாலும் கடுப்பாகியிருப்பேன். நகரமும் மாகாணமும் ஒரு கட்சி கைல, அணையெல்லாம் பாத்துக்கற மத்திய அரசு இன்னொரு கட்சி கைல, ரெண்டு பேரும் நீதான் காரணம் நீதான் காரணம்னு சண்டை. மார்ச்ல ‘இந்த வருஷம் டே ஜீரோ வராது’ன்னு அறிவிச்சது யாரு தெரியுமா, மேயரும் இல்ல இன்ஜினியரும் இல்ல, நகரத்தை ஆண்ட கட்சியோட அப்போதைய தலைவர் முசி மைமானே! வறட்சிக் கட்டணம்னு வீட்டு மதிப்பை வெச்சு ஒண்ணு போடப் பாத்தாங்க, எதிர்ப்பு பலமா வந்ததும் வாபஸ். ஜனங்க தண்ணிய மிச்சம் பண்ணப் பண்ண நகராட்சிக்கு வருமானம் படுத்துருச்சு, பைப்பு, பம்ப்பு, சம்பளம் எல்லாம் அதே செலவுதானே, அதனால ரேட்டை ஏத்திட்டாங்க. சொன்னபடி கேட்டு கம்மியா செலவழிச்சவனுக்கு பில்லு ஜாஸ்தியா வந்தா அவன் வறட்சியவே பொய்னுதான் சொல்வான்.

யார் எவ்வளவு எடுத்தாங்கங்கிறது இதைவிட பெரிய விஷயம். 2023ல நேச்சர் சஸ்டெய்னபிலிட்டில வந்த ஒரு ஆய்வுப்படி ஜனத்தொகைல சுமார் 14 சதவீதமா இருக்கிற வசதியான வீடுங்க ஊரோட தண்ணில பாதிய எடுத்துக்குது, 62 சதவீதமா இருக்கிற ஏழைங்களுக்கு கிடைக்கறது 27 சதவீதம். பொதுக்குழாய்ல பக்கெட்டோட வரிசைல நிக்கறது குடிசைப்பகுதில தினசரி நடக்கறதுதான், எங்களுக்கு எப்பவுமே டே ஜீரோதானேன்னு அவங்க கேட்டதுல என்ன தப்பு?

கலிஃபோர்னியாவும் இதேதான். 2016 மே மாசம் ட்ரம்ப் ஃப்ரெஸ்னோல போய் ‘வறட்சியே இல்ல, ஒரு மீனைக் காப்பாத்தறேன்னு தண்ணிய கடல்ல விடறாங்க’ன்னு பேசினார், விவசாயிங்க கை தட்டினாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி கவர்னர் ஜெர்ரி பிரவுன், ஆளுயரத்துக்கு பனி இருக்க வேண்டிய மலைல காஞ்ச புல்லு மேல நின்னுக்கிட்டுதான் நகரங்க 25 சதவீதம் கொறைக்கணும்னு உத்தரவு போட்டார், பனி இருப்பு சராசரில வெறும் 5 சதவீதம். வறட்சி இல்லன்னு கத்தறவங்கள்ல பாதி பேர் சொல்ல வர்றது ‘எனக்கு வர வேண்டிய தண்ணி வேற எவனுக்கோ போகுது’ங்கிறதுதான், அது நியாயமான சண்டையாவே கூட இருக்கலாம், ஆனா அது பங்கு சண்டை, மழை பெஞ்சுதா இல்லையாங்கிற கேள்வி இல்ல.

2017 வெள்ளம் கேட்டீங்க. வந்துச்சு, ஓரோவில் அணைல உபரித் தண்ணி வழியற பாதை உடைஞ்சு 1.8 லட்சத்துக்கும் மேல ஜனங்களை வெளியேத்தினாங்க. அணை ஒரே சீசன்ல ரொம்பிடும், நிலத்தடி ரொம்பாது. சான் வாக்கின் பள்ளத்தாக்குல 1977ல எடுத்த ஒரு போட்டோ இருக்கு, தேடிப் பாருங்க: ஒரு கம்பம், கீழ ஜோசப் போலண்டுங்கிற விஞ்ஞானி, கம்பத்து உச்சில 1925ன்னு ஒரு போர்டு, நடுவுல 1955, அவர் காலடில 1977. அந்தந்த வருஷம் தரை இருந்த மட்டம் அது, போர் போட்டு உறிஞ்சி உறிஞ்சியே பூமி கிட்டத்தட்ட 9 மீட்டர் இறங்கியிருக்கு. அமுங்கின களிமண்ணு எத்தனை வெள்ளம் வந்தாலும் எழும்பாது, 2012லேர்ந்து 2016 வரைக்கும் நடந்த வறட்சிலயும் மறுபடி இறங்கிச்சு.

கேப் டவுன்ல 2020ல அணையெல்லாம் ரொம்பிடுச்சு, கட்டுப்பாட்டையும் எடுத்தாங்க. ஆனா 2018 ஜூலைல கொண்டு வந்த, மீட்டர் கனெக்‌ஷன் சைஸுக்கு ஏத்த மாதிரி மாசாமாசம் கட்டற நிலைக்கட்டணத்தை அப்ப எடுக்கல. உங்க வீடியோக்காரரை அதைப் பத்தி போடச் சொல்லுங்க, நானே ஷேர் பண்றேன்.