நுகர்வோர் கேள்வி-பதில்: எண்ணெய்க் கேனும் இரத்த அழுத்தமும்

கேள்வி: ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிட்ட சூரியகாந்தி எண்ணெய்க்கு, லிட்டருக்கு 40 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து மாறினேன். மூன்று மாதமாகியும் இரத்த அழுத்தம் 150/94-லேயே நிற்கிறது. (திருச்சி வாசகர்)

பதில்: கொலஸ்ட்ரால் என்பது இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றில் இருப்பது, கடலையிலோ எள்ளிலோ சூரியகாந்தியிலோ சொல்லத்தக்க அளவு கிடையாது. எல்லாத் தாவர எண்ணெய்க்கும் பொதுவானதைத் தன் எண்ணெயின் தனிச்சிறப்புப் போல அச்சிடுவது, வாழைப்பழத்தின் மீது ‘முள் இல்லாதது’ என்று ஒட்டி விலையை ஏற்றுவதற்கு ஒப்பானது. இதை நான் எழுதி எழுதிச் சலித்துவிட்டேன், அச்சிடுபவர்கள் சலிக்கவில்லை. அதற்காக, எண்ணெயில் உள்ள கொழுப்பால் இரத்த அழுத்தம் குறையவே குறையாது என்றும் சொல்ல முடியாது. 2005-இல் அமெரிக்காவில் வெளியான ‘ஆம்னிஹார்ட்’ ஆய்வில், 164 பேரின் உணவில் மாவுச்சத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, கலோரி கூடாமல், அந்த இடத்தில் நிறைவுறாக் கொழுப்பை (சூரியகாந்தி, கடலை எண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருப்பது) வைத்தபோது, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு (உங்கள் 150/94-இல் 150) சுமார் 3 புள்ளிகளும், புரதத்தை வைத்தபோது 3.5 புள்ளிகளும் கூடுதலாகக் குறைந்தன. ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்ததால் கிடைத்த பலன் அது. நீங்கள் மாற்றியது கேனை மட்டுமே. சோற்றின் அளவும், தினமும் பொரிக்கும் அப்பளமும் மாறவில்லை என்று கடிதத்தின் மறுபாதியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 150-க்கு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மசாலாக் கடலையில் புரதம் இருக்கிறதே, இரத்த அழுத்தத்துக்கு நல்லதுதானே? (சேலம்)

பதில்: உறையின் பின்புறம் உள்ள சோடியம் அளவை இரண்டரையால் பெருக்குங்கள், உப்பின் அளவு தெரியும், பிறகு வறுத்த வெறுங்கடலை வாங்குங்கள்.

கேள்வி: குடியிருப்பில் இலவசப் பரிசோதனை முகாம் நடத்தியவர்கள், இரத்த அழுத்த மாத்திரையே வேண்டாம் என்று சொல்லி, ஆறு டின் புரதப் பொடியை 14,400 ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். ஓய்வூதியப் பணம். (மதுரை வாசகி)

பதில்: அம்மா, முதலில் இன்றே மருத்துவரைப் பார்த்து, நிறுத்திய மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அந்தப் பொடியைத் தொடவே வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில், 100 கிராமுக்குப் புரதம் 32 கிராம், சர்க்கரை 38 கிராம் என்று எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருக்கிறது. பாசிப்பயறிலேயே 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. நம்பியது உங்கள் தவறன்று. வெள்ளை அங்கி அணிந்து வந்தவர்களை யார்தான் சந்தேகிப்பார்கள்? ரசீதையும் துண்டறிக்கையையும் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பணம் திரும்பாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: ‘பிரஷர் குறையும்’ என்று சொல்லி அளந்து ஊற்றிக் கொடுத்த நல்லெண்ணெய் காறுகிறது. ரசீது வாங்கவில்லை, கடையின் பெயரும் நினைவில்லை. (ஈரோடு)

பதில்: அப்படியானால் யார் மீது புகார் எழுதச் சொல்கிறீர்கள்? சமையல் எண்ணெயை உதிரியாக விற்பதே 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி பொதுவாகத் தடை செய்யப்பட்டது. காறிய எண்ணெயைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: மீன் எண்ணெய் மாத்திரை வாங்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: நான் வாங்கினேன், இரண்டு வாங்கினால் இரண்டு இலவசம் என்பதற்காக. 1,000 மில்லிகிராம் என்று முகப்பில் இருந்தது எண்ணெயின் எடை; அதில் ஒமேகா-3 என்ற, பலன் தரும் கொழுப்பு வெறும் 300 மில்லிகிராம் என்பதை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். இரத்த அழுத்தம் சிறிதளவேனும் குறையத் தினமும் 2 முதல் 3 கிராம் ஒமேகா-3 தேவைப்படும். அதாவது நாளொன்றுக்கு ஏழிலிருந்து பத்து மாத்திரை. உங்கள் ஊரில் மத்தி மீன் கிடைக்கும்போது இந்தக் கேள்வியே எதற்கு? இலவசமாக வந்த இரண்டு டப்பாக்களும் பிரிக்கப்படாமலே காலாவதியாகிவிட்டன.