கணக்கு வாத்தியார் பதில்கள்: வந்த விடையெல்லாம் விடையா?

கேள்வி: என் மகள் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். தேர்வில் √(எக்ஸ் + 7) = எக்ஸ் − 5 என்று ஒரு கணக்கு. 9, 2 என்று இரண்டு விடை எழுதியிருந்தாள். வழிமுறையில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் 2-ஐ அடித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். இது நியாயமா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: நியாயம்தான் அம்மா. நான் திருத்தியிருந்தாலும் குறைத்திருப்பேன்.

இருபுறமும் வர்க்கப்படுத்தினால் எக்ஸ்² − 11எக்ஸ் + 18 = 0 வருகிறது. காரணிப்படுத்தினால் 9, 2. இதுவரை உங்கள் மகள் போட்டது சரி. இப்போது இரண்டையும் கேள்வித்தாளில் இருந்த சமன்பாட்டிலேயே போட்டுப் பாருங்கள். 9 என்றால் இடப்பக்கம் √16, அதாவது 4, வலப்பக்கமும் 4. 2 என்றால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. எப்படிச் சமமாகும்?

3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9, −3-ஐ வர்க்கப்படுத்தினாலும் 9. வர்க்கப்படுத்திய நிமிடமே குறி போய்விடுகிறது. √ என்று எழுதினால் அது குறை எண்ணாக வரவே வராது. −√(எக்ஸ் + 7) = எக்ஸ் − 5 என்று கேட்டிருந்தால் 2 அருமையான விடை. யாரும் அதைக் கேட்கவில்லையே! வலப்பக்கம் குறை எண் ஆகக் கூடாது, எனவே எக்ஸ் 5-க்குக் கீழே போகாது என்று முதல் வரியிலேயே எழுதிவைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பாஸ்கராச்சாரியார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய லீலாவதியில் ஒரு தேனீக் கணக்கு உண்டு. கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் அளவு தேனீக்கள் மல்லிகைப் பூவுக்குப் போயின. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் போய்விட்டது. மிச்சம் ஒரு ஜோடி. ஆண் தேனீ தாமரைக்குள் மாட்டிக்கொள்ள, பெண் தேனீ வெளியே ரீங்கரிக்கிறது. மொத்தம் எத்தனை? போட்டுப் பார்த்தால் 72, 4.5 என இரண்டு வரும். “அரைத் தேனீ ஏது சார்?” என்று பிள்ளைகள் உடனே 4.5-ஐ அடித்துவிடுவார்கள். அந்தக் காரணம் எனக்குப் போதாது. தேனீக்குப் பதில் லிட்டர் கணக்கில் பால் என்று வைத்தாலும் 4.5 நிற்காது: √2.25 என்பது 1.5, அதோடு 4-ஐயும் 2-ஐயும் கூட்டினால் 7.5. மொத்தமே 4.5 தானே! 72-க்கோ 6, 64, 2 என்று கச்சிதமாக உட்காருகிறது.

கேள்வி: √(எக்ஸ் + 5) + √எக்ஸ் = 5. இரண்டு வர்க்கமூலம் இருந்தால் எப்படி ஆரம்பிப்பது?
– ஒரு மாணவர், காரைக்குடி

பதில்: தனித்தனியாக வர்க்கப்படுத்தி எக்ஸ் + 5 + எக்ஸ் = 25 என்று மட்டும் எழுதிவிடாதே தம்பி. நடுவில் வரவேண்டிய பெருக்கல் உறுப்பு காணாமல் போய்விடும். ஒன்றை அந்தப் பக்கம் தள்ளு: √(எக்ஸ் + 5) = 5 − √எக்ஸ். இப்போது வர்க்கப்படுத்து. எக்ஸ் + 5 = 25 − 10√எக்ஸ் + எக்ஸ். இருபக்கமும் எக்ஸ் அடிபட்டுப் போக, √எக்ஸ் = 2, எக்ஸ் = 4. அப்புறம் போட்டுப் பார்: 3 + 2 = 5. அந்த வரியையும் விடைத்தாளில் எழுது.