பினாங்கில் ஒன்றரை நாள், கூடவே முட்டிவலி உள்ள அம்மா

கோலாலம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: சனிக்கிழமை மதியம் ரயிலில் பட்டர்வொர்த் வருகிறோம், ஞாயிறு மாலை திரும்பவேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி, பிள்ளைகள் இருவர். கொடிமலை (பினாங்கு ஹில்), தண்ணீர்மலை முருகன் கோயில், சுவரோவியங்கள், பத்து ஃபெரிங்கி கடற்கரை எல்லாம் பார்த்துவிடலாமா?

முடியாதுங்க. முதலில் பத்து ஃபெரிங்கியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள், வார இறுதி நெரிசலில் போய்வரவே பாதி நாள் ஓடிவிடும். கடல் ஆசைக்கு, பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகும் பெர்ரி இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து துறைக்கு நடந்தே போகலாம். இப்போது அதில் கார் ஏறாது, ஆட்களும் இருசக்கர வண்டிகளும்தான். இருபது நிமிடத்துக்குள் ஜார்ஜ்டவுனில் இறங்கிவிடலாம்.

அறையை லிட்டில் இந்தியா பக்கம் எடுங்கள். வெயில் தாழ்ந்ததும் குவீன் தெரு மாரியம்மன் கோயில் (1833-இல் கட்டியது), அடுத்த தெருவில் குவான் யின் கோயில், அப்படியே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், மூன்றும் கூப்பிடு தூரம்தான். ஆனால் வரைபடத்தில் தெரியாத சங்கடம் ஒன்று உண்டு, அஞ்சடி, அதாவது கடைகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் நடைபாதை. ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசல் தளத்தைத் தன் இஷ்டத்துக்கு உயர்த்தி வைத்திருப்பார், நடுவில் மோட்டார் சைக்கிள் வேறு நிற்கும், அம்மா பத்தடிக்கு ஒருமுறை ஏறி இறங்கவேண்டியிருக்கும். அதனால் ஆர்மேனியன் தெருவில் நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து 2012-இல் வரைந்த அந்தப் பிள்ளைகள் படத்துக்கு நீங்களும் வாண்டுகளும் வரிசையில் நில்லுங்கள். அம்மாவை ஒரு தே தாரிக்கோடு (ஆற்றிய பால் தேநீர்) கடையில் உட்காரவைத்துவிடுங்கள்.

கொடிமலை ஞாயிறு அதிகாலைக்குத்தான். மேலே ஏற்றிப்போகும் மலை ரயிலின் முதல் வண்டி 6.30-க்கு. பத்து மணிக்கு மேல் போனால் வரிசையிலேயே கால் வலித்துவிடும், வண்டியிலும் உட்கார இடம் கிடைக்காது, செங்குத்தாய் ஏறும்போது நின்றுகொண்டு போவது முட்டிக்கு ஆகாது. மைகார்டை (மலேசிய அடையாள அட்டை) மறக்காதீர்கள், உள்ளூர்க் கட்டணம் குறைவு. மேலே சின்னதாய் ஒரு முருகன் கோயில் இருக்கிறது, குளிரும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

தண்ணீர்மலைக்கு 513 படி. வேண்டவே வேண்டாம். அதே சாலையில் சமதளத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் இருக்கிறது, தைப்பூச வெள்ளி ரதம் வந்து நிற்குமே, அதே இடம். கொடிமலையிலிருந்து கிராப் வாடகைக் கார் பிடித்து, நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். மலைக்கோயிலைக் கீழிருந்தே கும்பிட்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மதியம் நாசி கண்டார். நம் தமிழ் முஸ்லிம்கள் காவடி மாதிரி தோளில் கம்பு போட்டுச் சோறும் குழம்பும் சுமந்து விற்றதில் வந்த பெயர் அது. தட்டை நீட்டி "பஞ்சிர்" (மலாயில் வெள்ளம்) என்று சொல்லுங்கள், மீன், கோழி, தால்ச்சா (பருப்புக் குழம்பு) என்று நாலைந்து குழம்பைச் சோறு மூழ்க ஊற்றித் தருவார்கள். காரம் தாங்காத பிள்ளைக்கு மட்டும் வெறும் தால்ச்சா.

ரயில் ஐந்து மணிக்கு என்றால் மூன்றரைக்கே பெர்ரித் துறையில் இருங்கள். ஒரு பெர்ரியை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கணும், அம்மாவை வைத்துக்கொண்டு ஓடவும் முடியாது.